நிலாவுக்குப் போகும் தண்ணீர் லாரி

முதலில் ஹார்ன் சத்தம்தான் கேட்கும். இரண்டு நீளம், ஒரு குட்டை. லாரி கண்ணில் படுவதற்கு அரை நாள் முன்பே கேட்டுவிடும். காற்றில்லாத இடத்தில் சத்தம் எப்படி வரும் என்று படித்தவர்கள் கேட்டார்கள், நாங்கள் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கவில்லை, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பிளாஸ்டிக் குடங்கள் அந்தச் சாம்பல் தரையில் வரிசை பிடிக்க, குடங்களுக்குப் பின்னால் நாங்கள் நிற்க, எங்களுக்குப் பின்னால் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள் ஒரே அளவில் ஒரே நிறத்தில் நிற்க, பெரும்பள்ளத்தின் விளிம்பில் ஒரு புள்ளி பளபளவென்று தெரியும். அதுதான் எத்திராஜின் தண்ணீர் லாரி. பூமியிலிருந்து நிலாவுக்கு மூன்று நாள் ஓட்டம். வாரத்துக்கு ஒரு நடை, வீட்டுக்கு இரண்டு குடம்.

எங்களை நிலாவுக்குக் கொண்டுபோனது ஒரு பங்குனி மாதத்தில், பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது. எப்போதும் அந்த மாதத்தில்தான் புல்டோசருக்கு வேளை கூடிவரும். ஆற்றை அழகுபடுத்தப் போகிறோம், கரையில் நடைபாதையும் புல்தரையும் வரப்போகிறது என்றார்கள். நடக்க வருகிறவர்களின் கண்ணில் நாங்கள் படக்கூடாது என்பதை மட்டும் வாயால் சொல்லவில்லை. ஊருக்குள்ளே எங்களுக்கு இடமில்லை, ஊருக்கு வெளியேயும் இல்லை, வெளிக்கும் வெளியே இருந்த இடங்களை எங்களுக்கு முன்னால் துரத்தப்பட்டவர்களைக் கொட்டி நிரப்பியாகிவிட்டது. ஆகையால் வான்வெளிக் குடியிருப்புக் கழகம் என்று ஒன்றை உண்டாக்கி, குப்பைமேட்டுக்குப் பின்னாலிருந்து மேல்நோக்கி ஏறும் சாலை ஒன்றைத் திறந்து, எங்கள் கட்டைவிரலை மையில் அழுத்தி, அடுப்பையும் தகரத்தையும் அம்மிக்கல்லையும் எங்களையும் ஒரே லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். வழியெல்லாம் பிள்ளைகள் மட்டும் பக்கப்பலகைக்கு மேலே தலையை நீட்டிச் சிரித்துக்கொண்டே வந்தன. மேகத்தைத் தாண்டியதும் ஒரு பெண்ணுக்கு வாந்தி வந்தது, டிரைவர் நிறுத்தமாட்டேன் என்றான். அவ்வளவுதான் பயணம்.

காற்று இல்லை என்றார்கள். முதல் நாள் கொஞ்சம் திணறியது. அப்புறம் பழகிவிட்டது. முப்பது வருஷம் அந்த ஆற்றங்கரையில் எதை மூச்சென்று இழுத்தோமோ அதைவிட ஒன்றுமில்லாதது எவ்வளவோ மேல் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நிலாப்புழுதி எல்லாவற்றிலும் ஒட்டியது, தீபாவளிக்கு மறுநாள் தெருவில் வீசுமே, அந்த வெடிமருந்து வாசனை அதற்கு. குழந்தைகளின் தலையிலும் புடவை மடிப்பிலும் குழம்பிலும் அதே வாசனை. பதினாலு நாள் வெயில், பதினாலு நாள் இருட்டு. வாழ்நாளெல்லாம் ராக்காவல் பார்த்த எனக்கு அந்த நீண்ட இருட்டு பழைய முதலாளியைப் போலப் பரிச்சயமாக இருந்தது, மற்றவர்கள் எந்த நேரத்தில் சோறாக்குவது என்று தெரியாமல் தடுமாறினார்கள். நிறைகுடம் கனக்கவே இல்லை. அங்கே எந்தப் பொருளுக்கும் ஆறில் ஒரு பங்குதான் எடை என்பது தெரியாததால், எத்திராஜ் பாதிக்குடம் ஊற்றி ஏமாற்றுகிறான் என்று முதல் மாதம் முழுக்க அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினோம். அவனும் ஆற்றங்கரை ஆள்தான், தலைக்கவசம் இல்லாமலேயே வண்டி ஓட்டுகிறவன், வாங்கிக்கொண்டு சிரித்தான்.

மேலே பூமி இருந்தது. நகராமல் ஒரே இடத்தில், எவனோ ஆணியடித்து மாட்டிய படம்போல. யாரோ ஒருத்தி அதைக் காட்டிக் குழந்தைக்குச் சோறூட்டப் போனாள், பக்கத்துவீட்டு ஜெயசீலி சோற்றுக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள். “துரத்தி வுட்ட ஊர காமிச்சு எதுக்குடி புள்ளைக்குச் சோறு? செமிக்குமா?” என்று கேட்டாள். அதற்கப்புறம் யாரும் காட்டவில்லை.

ஆக, மூச்சு விடாமல் இருக்கப் பழகினோம், இருட்டுக்குப் பழகினோம், எடையில்லாமல் நடக்கப் பழகினோம். தண்ணீர் குடிக்காமல் இருக்கத்தான் பழக முடியவில்லை.

தேசம்மா கீழே இருந்த காலத்தில் மார்க்கெட் வாசலில் கொத்தமல்லி கறிவேப்பிலை விற்றவள். புருஷன் இல்லை. ஒரே மகள் ரூபாவதி அப்போது நாலு மாதம் முழுகாமல் இருந்தாள். மருமகன் கீழே மெட்ரோவுக்குக் குழி தோண்டுகிற வேலையில் இருந்தான். நிலாவில் ஆஸ்பத்திரி கிடையாது, ஆயாவும் கிடையாது. ஒன்பதாம் மாதம் நெருங்கினால் எத்திராஜின் லாரியில் அவன் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து மூன்று நாள் கீழே இறங்கவேண்டும். அப்படி அவன் நாலு பேரைப் பிரசவத்துக்கு இறக்கியிருக்கிறான், நாலும் நல்லபடியாகத்தான் ஆயிற்று. ஐந்தாவதாகப் போக வேண்டியவள் ஒருத்தி. லாரி கிளம்பின மறுநாள் வலி கண்டதால் அவளுக்கு லாரி கிடைக்கவில்லை, அவளை நாங்கள் பள்ளத்தின் தெற்கே புதைத்தோம். காலடி பட்டதும் கிளம்பிய புழுதி மெல்ல மெல்ல இறங்கியது. எட்டாம் மாதம் முடிவதற்குள் மகளை ஏற்றி அனுப்பிவிட வேண்டும் என்று தேசம்மா அன்றைக்கே விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

எண்ணிக்கொண்டே சும்மா இருக்க முடியாமல், சாம்பாருக்கு வைத்திருந்த தனியாவில் ஒரு பிடி எடுத்துத் தரையில் தேய்த்து இரண்டாக உடைத்து, பெயிண்ட் வாளியை அறுத்து நிலாமண்ணையும் டீத்தூள் சக்கையையும் கலந்து ரொப்பி, விதைத்தாள். தினமும் தன் பங்குக் குடிதண்ணீரில் ஒரு டம்ளர் அதற்கு. அவள் உதடு வெடித்திருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், செடியில் மூன்றாவது இலை விட்டதையும் பார்த்தோம். ஒரு கிள்ளு கிள்ளி ரசத்தில் போட்டால் பத்து வீட்டுக்கு வாசனை போனது. மசக்கைக்காரிக்கு வேறென்ன கொடுக்க இருக்கிறது?

அப்போதுதான் கழகத்திலிருந்து ஒரு அதிகாரி வருகிறார் என்று எத்திராஜ் தகவல் கொண்டுவந்தான். பெயர் பத்மநாபன். நிலாவில் மனிதர்கள் தங்கள் காலில் நின்று வாழ்வது சாத்தியமா, இல்லையா என்று ஆராய்ந்து அறிக்கை எழுத வருகிறாராம்.

இங்கேதான் நாங்கள் தப்பு செய்தோம்.

அதிகாரி வருகிறார் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். வாசலைப் பெருக்குவது, கோலம் போடுவது, பிள்ளைகளின் முகத்தைத் துடைத்துப் பவுடர் அடிப்பது. வீட்டுக்கு வந்தவனை முதலில் உட்காரவைத்து டீ கொடுக்கவேண்டும், குறையை அவன் கிளம்பும்போது மனுவாகக் கையில் கொடுக்கவேண்டும், வாசலில் வைத்தே அழுது காட்டக்கூடாது. கல்யாணப் புடவைகளை எடுத்துக் கட்டினோம். அவர் பார்க்கிற வழியில் இருந்த வீடுகளின் குடங்களையெல்லாம் மற்ற வீட்டுக் குடங்களிலிருந்து ஊற்றித் தளும்பத் தளும்ப ரொப்பி வைத்தோம். இரண்டாவது லாரி வேண்டும் என்று நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தோடு மனு தயாராக இருந்தது.

பத்மநாபன் நல்ல மனிதர். அதுதான் எங்கள் வயிற்றெரிச்சல். மிரட்டவில்லை, மூக்கைப் பொத்தவில்லை, கண்ணாடிக் கவசத்துக்குள்ளிருந்து எல்லோரையும் “அம்மா, ஐயா” என்று கூப்பிட்டார்.

“தண்ணி ஒழுங்கா வருதாம்மா?”

“வருது சார்.”

“குறை ஏதாவது?”

“ஒரு குறையும் இல்ல சார், மொதல்ல உக்காருங்க.”

தேசம்மா வீட்டில்தான் டீ. கவசத்தைக் கொஞ்சம் தூக்கி உறிஞ்சி, டீ நல்லா இருக்கு என்றவர் வாளியைப் பார்த்தார். எழுந்துபோய்க் குனிந்தார். ஒரு இலையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இது... இங்கயா வளந்துச்சு?”

“இங்கதான் சார்.”

“இந்த மண்ணுலயா?”

“இந்த மண்ணுலதான் சார். நல்லா வருது,” என்றாள் தேசம்மா. அவள் முகத்தில் அப்படியொரு பெருமையை நாங்கள் கீழே இருந்தபோதுகூடப் பார்த்ததில்லை. எதை ஊற்றி வளர்த்தாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்கமாட்டாள். வந்தவரிடம் விருந்தின் விலையைச் சொல்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

அவர் பதினேழு போட்டோ எடுத்தார். ஒரு கொத்து வேண்டும் என்றார். பாதிச் செடியைப் பறித்துக் கொடுத்தாள். வைக்க ஒன்றும் கிடைக்காமல் கையிலிருந்த காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வேகமாக வேனில் ஏறினார். அந்தக் காகிதம் எங்கள் மனு.

ஆறு வாரம் கழித்து எத்திராஜ் ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தான். எப்போதும் ஏதாவது கேலி பேசிக்கொண்டே குழாயைத் திறக்கிறவன் அன்றைக்கு முதலில் காகிதத்தைத்தான் நீட்டினான். ஜெயசீலிதான் வாங்கிச் சத்தமாகப் படித்தாள். இம்மக்கள் காற்றின்றி வாழும் திறன் பெற்றுள்ளனர். நிலா மண்ணில் பயிர்த்தொழில் தொடங்கிவிட்டது. வீடுகளில் தண்ணீர் உபரியாக உள்ளது. ஆகவே நிலாவில் தற்சார்புக் குடியிருப்பு சாத்தியம் என நிரூபணமாகிறது. இதை அறிவிக்கும் விழா நடைபெறும் நாளோடு தண்ணீர் லாரிச் சேவை நிறுத்தப்படும்.

யாரும் கழகத்தைத் திட்டவில்லை. கழகம் கையெட்டாத தூரத்தில் இருந்தது, தேசம்மா பக்கத்தில் நின்றிருந்தாள்.

“உன் ரசத்துக்கு வாசன வேணும்னு எங்க வாயில மண்ணள்ளிப் போட்டியே யக்கா!” என்றாள் ஜெயசீலி.

“வூட்டுக்கு வந்தவன்கிட்ட, இது என் குடிதண்ணிடா, இத்த ஊத்திதான் வளத்தேன்னு சொல்லச் சொல்றியா?”

“அவன் வந்தவன் இல்லக்கா. அளக்க வந்தவன்.”

“கொடத்த ரொப்பி வச்சவ நீ. நானா வச்சேன்?”

தேசம்மா வீட்டுக்குப் போய் மிச்சமிருந்த செடியை வேரோடு பிடுங்கினாள். வீட்டுக்கு ஒரு தழை, இல்லாதபோது தழையைக் கிள்ளி ஒரு இலை என்று நானூற்றுப் பன்னிரண்டு வாசலுக்கும் நடந்து கொடுத்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சுதான்: “தின்னு. இனிமே என்ன மட்டும் குத்தம் சொல்லாத.” நாங்கள் தின்றோம். கசந்தது, ஆனாலும் தின்றோம். எங்கள் கோபம் இடம் மாறியது அன்றைக்குத்தான். இவளிடமிருந்து கிளம்பி, எங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி, கடைசியில் மேலே ஆணியடித்த அந்த நீல உருண்டையில் போய் நின்றது.

விழா நாளன்று வெயில் தொடங்கி நாலு நாள் ஆகியிருந்தது. கவசம் போட்ட பிரமுகர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள், கவசத்துக்கு மேலேயே மாலை. கல்வெட்டு, ரிப்பன், சாமியானா எல்லாம் கீழேயிருந்தே வந்தன. எத்திராஜின் லாரியும் கூடவே வந்தது. டேங்கின் மேல் நாற்காலிகளைக் கட்டியிருந்தார்கள். டேங்குக்குள் ஒன்றுமில்லை. அவன் கையால் தட்டிக் காட்டினான், அது கோயில் மணிபோல ஒலித்தது. இரண்டு வண்டியும் திரும்பிப் போனால் அப்புறம் எந்த வண்டியும் வராது. குடியிருப்போர் இனி நிரந்தரவாசிகள், ஆகவே கீழே யாரையும் ஏற்றக்கூடாது என்று அவனுக்கு எழுத்தில் உத்தரவு.

ரூபாவதிக்கு எட்டு மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. ஒயர்க்கூடையில் இரண்டு பழைய புடவையும் ஒரு சீப்பும் வைத்துக்கொண்டு லாரிப் படிக்கட்டைப் பிடித்தபடி நின்றாள்.

தேசம்மா விழாவுக்குப் போகவில்லை. வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, முறத்தில் ரேஷன் அரிசியைப் பரப்பிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஜெயசீலி ஓடிவந்தாள்.

“யக்கா, ரூபாவ ஏத்தமாட்டேன்றானுங்க.”

தேசம்மா முறத்தைக் கீழே வைத்தாள். உள்ளே போய்க் காலிக்குடத்தை எடுத்தாள், சிவப்புக்குடம். சாலை தொடங்குகிற இடம்வரை நடந்தாள். நிலாவிலிருந்து பூமிக்கு அந்த ஒரே சாலைதான். நட்டநடுவில் குடத்தை வைத்து, பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

ஜெயசீலி அவள் முகத்தைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள், திரும்பி ஓடினாள். பச்சைக்குடத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் சொல்ல வேண்டுமா? கீழே தண்ணீர் வராத நாளிலெல்லாம் நெடுஞ்சாலையில் செய்ததுதானே, கைக்கு மறக்குமா? குடம் குடமாக வந்து உட்கார்ந்தது. மைக்கில் ஒருவர் மனித குலத்தின் பாய்ச்சல் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே, நானூற்றுப் பன்னிரண்டு காலிக்குடங்கள் பூமிக்குப் போகும் வழியை அடைத்துவிட்டன.

பத்மநாபன் வந்தார்.

“என்னம்மா இது? நல்ல நாள்ல?”

“மறியல் சார்,” என்றாள் தேசம்மா.

“வழிய விடுங்க. வேன்ல கீழ போய்ச் சேர்ற அளவுக்குத்தான் காத்து இருக்கு. நாலு மணி நேரம்தான் கூடுதல்.”

“எங்களுக்கு அதுகூட இல்லியே சார். இருக்கறமே. நீங்களும் பழகிப்பீங்க.”

“நீங்க பழகினவங்கம்மா...”

“யாரு சார் பழக்கனது?”

அவர் வேனுக்குத் திரும்பிப் போனார். முதல் மணி நேரத்தில் பிரமுகர்கள் சிரித்தார்கள். இரண்டாவது மணியில் கத்தினார்கள். பெண்கள் ஒருத்திக்கொருத்தி பேன் பார்த்தார்கள், வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். மூன்றாவது மணியில் மாலை போட்ட ஒரு முதியவர், பாவம், தடுமாறி வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கிடைக்குமா என்றார். யாரும் அசையவில்லை. எங்கள் வாழ்நாளில், வாய்விட்டுக் கேட்ட ஒருவருக்குத் தண்ணீர் இல்லையென்று உட்கார்ந்திருந்தது அந்த ஒரு தடவைதான். ஒருத்தி எழுந்தே விட்டாள்.

“உக்காருடி,” என்றாள் தேசம்மா. “அவுரு வூட்ல கொழா இருக்கு.” சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“இது கொலை முயற்சி, தெரியுமா? கேஸ் போட முடியும்,” என்றார் பத்மநாபன்.

“போடுங்க சார். கோர்ட்டு கீழதான கீது? கூட்டினு போங்க,” என்றாள் ஜெயசீலி. நானூறு பேரும் சிரித்தார்கள்.

அரை மணி நேரம் மிச்சமிருந்தபோது அவர் காகிதம் கேட்டார். வேன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கவசக் கண்ணாடியில் வியர்வை ஆவி படிய, எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். தன் அறிக்கை தப்பு என்று எழுத அவருக்குக் கை வரவில்லை போலும். ஜெயசீலி வாங்கிப் படித்தாள்.

“நிலா குடியிருப்புக்குத் தகுதியானதே. குடியமர்த்தப்பட்ட மக்கள் இன்னும் தகுதி அடையவில்லை. அவர்கள் தகுதி அடையும்வரை லாரி தொடர்ந்து ஓடலாம்.” அவளுக்கு முகம் கறுத்தது. “நமக்குத் தகுதி இல்லியாம்க்கா! காத்தில்லாம கெடந்தவளுக்குத் தகுதி இல்லியாம்! கிழிச்சி அவன் மூஞ்சிலயே எறியட்டுமா?”

எல்லோருக்கும் அதுதான் தோன்றியது. அந்த வரியில் எங்களை இரண்டாவது தடவையாகத் துரத்தியிருந்தார்கள். தேசம்மா திரும்பி லாரிப் பக்கம் பார்த்தாள். ரூபாவதி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள், நாலு மணி நேரமாக நின்றிருந்தாள்.

“கையெழுத்து கீதா?” என்று கேட்டாள் தேசம்மா.

“கீது.”

“சீலு?”

“சீலும் கீது.”

“ஆள ஏத்தலாம்னு ஒரு வரி சேக்கச் சொல்லு. ரெண்டு காப்பி.”

பத்மநாபன் சேர்த்தார். காகிதத்தை நீட்டும்போது, “நான் உங்க நல்லதுக்குத்தான்...” என்று ஆரம்பித்தார்.

“தெரியும் சார். அன்னிக்கும் டீ நல்லா கீதுன்னுதான் சொன்னீங்க,” என்றாள் தேசம்மா, குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு.

வேன் முதலில் போயிற்று. எத்திராஜ் சீட்டில் கம்பளியை நாலாக மடித்துப் போட்டு ரூபாவதியை ஏற்றினான். “மேடு பள்ளத்துல மெதுவா போ எத்திராஜி, தூக்கிப் போட்டுச்சுன்னா உன்ன உண்டு இல்லன்னு பண்ணிருவேன்,” என்றாள் தேசம்மா. “நான் இன்னா புதுசாவா இட்டுனு போறேன்?” என்றான் அவன்.

“நீயும் வாம்மா,” என்றாள் ரூபாவதி.

“நான் வந்தா வூடு காலின்னு எழுதிடுவானுங்க. நீ போ. பொறந்தா இவன்கிட்ட சொல்லியனுப்பு.”

லாரி விளிம்பேறி மறைந்தது. அடுத்த வாரம் வருமா என்று யாரும் கேட்கவில்லை. சீல் வைத்த காகிதங்களை நாங்கள் இதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறோம். அவரவர் குடத்தை அவரவர் எடுத்துக்கொண்டோம். எந்தக் குடத்திலும் ஒரு சொட்டு இல்லை. சாமியானா அப்படியே கிடந்தது, யாரும் அதைப் பிரிக்கவில்லை.

தேசம்மா வாசலுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்து முறத்தை மடியில் இழுத்துக்கொண்டாள். பழக்கத்தில் ஒரு தடவை புடைத்தாள். காற்றில்லாத இடத்தில் உமியும் அரிசியும் சேர்ந்தே எழும்பும், சேர்ந்தே மெல்ல இறங்கும், எதுவும் பறந்து ஒதுங்காது. கையால்தான் பொறுக்கவேண்டும். அவை முறத்தில் வந்து அமரும்வரை பார்த்திருந்துவிட்டுக் குனிந்தாள். ஒரு உமி. ஒரு கல். ஒரு உமி.